கட்டுகளை அவிழ்ப்போர் யார்?

பெத்தானியாவில் இலாசரின் கல்லறை முன் நடந்ததை யோவான் நற்செய்தியின் 11ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். இறந்து நான்கு நாள்களாகிவிட்ட நண்பரை ஆண்டவர் பெயர் சொல்லி அழைக்கிறார். அவர் வெளியே வருகிறார். ஆனால் எந்த நிலையில் வருகிறார் என்பதை நாம் அதிகம் கவனிப்பதில்லை. கைகளும் கால்களும் துணிகளால் கட்டப்பட்டிருக்கின்றன; முகம் மூடப்பட்டிருக்கிறது. உயிரையே திருப்பிக் கொடுத்தவருக்கு அந்தத் துணிகளை அகற்றுவது ஒரு பெரிய காரியமன்று. எனினும் அதை அவர் செய்யவில்லை. அருகில் நின்றவர்களிடம் அந்த வேலையை ஒப்படைத்தார். கல்லை அகற்றியவர்களும் மனிதரே, கட்டை அவிழ்த்தவர்களும் மனிதரே. நாற்றம் வீசுமே என்று மார்த்தா அஞ்சிய அந்த உடலைத் தொட்டு, முடிச்சு முடிச்சாக அவிழ்க்க வேண்டியவர்களாய் அயலவர்கள் இருந்தார்கள்.

அன்பார்ந்த இறைமக்களே, திருகோணமலைத் துறைமுகத்தை அண்டி வாழும் மக்களிடையே பணியாற்றும் எனக்கு இந்த நற்செய்திப் பகுதி வாசிக்கப்படும்போதெல்லாம் சில முகங்கள் நினைவுக்கு வருகின்றன. கூலி கைக்கு வரும் மாலையில் வீட்டுக்குப் போகும் பாதையை விட்டுத் தவறணைக்குப் போகும் பாதையில் திரும்பும் தகப்பன்மார். கடலிலிருந்து கரையேறியதும் குளிருக்கு என்று தொடங்கி, இப்போது கடலுக்கே போக முடியாத நிலைக்கு வந்துவிட்ட மீனவர்கள். போரையும் 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலையையும் தாங்கிய பின், நித்திரைக்காகக் கசிப்பை நாடியவர்கள். அண்மைக் காலத்தில் ஐஸ் என்னும் போதைப்பொருளால் இரவு பகல் தெரியாமல் அலையும் இளைஞர்களும் அவர்களோடு சேர்ந்துவிட்டார்கள். பிள்ளையின் சட்டைப்பையைச் சோதித்துப் பார்க்கும் தாய், அதை யாரிடமும் சொல்ல முடியாமல் ஞாயிறு திருப்பலியில் கடைசி வரிசையில் அமர்கிறார்.

இவர்களுக்கு விசுவாசம் என்ன செய்ய முடியும்? இந்தக் கேள்விக்கு நான் ஒருமுறை தவறான விடை கொடுத்திருக்கிறேன். அதை முதலில் சொல்லிவிடுவதே முறை.

நான் குருத்துவ அருள்பொழிவு பெற்ற புதிதில், வேறொரு பங்கில் இருந்தபோது, ஒரு பெண் தம் கணவரைப் பங்குமனைக்கு அழைத்து வந்தார். நாற்பது வயதைத் தொட்டவர், மூட்டை சுமப்பவர், மூன்று பிள்ளைகளின் தந்தை. அவரைப் பீடத்தின் முன் அழைத்துச் சென்றேன். திருவிவிலியத்தின் மேல் கையை வைக்கச் சொல்லி, இனி வாழ்நாள் முழுவதும் தொடமாட்டேன் என்று சத்தியம் செய்வித்தேன். மனைவி ஆனந்தக் கண்ணீர் வடித்தார். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. அடுத்த ஞாயிறு மறையுரையில் பெயர் குறிப்பிடாமல் அதைச் சொல்லவும் செய்தேன். சிறிய பங்கு, பெயர் குறிப்பிடத் தேவையே இருக்கவில்லை.

அவர் 23 நாள்கள் தாக்குப்பிடித்தார். பின் ஒரு திருமுழுக்கு விருந்தில் குடித்துவிட்டார். அன்றிலிருந்து கோவிலுக்கு வருவதை நிறுத்தினார். வீதியில் என்னைக் கண்டால் மறுபக்கம் போய்விடுவார். அவரைத் தேடிப் போகாமல், அவராக மனம் திருந்தி வரட்டும் என்று நான் இருந்துவிட்டேன். சில ஆண்டுகளுக்குப் பின் வைத்தியசாலைப் படுக்கையில்தான் மீண்டும் சந்தித்தோம். கல்லீரல் கெட்டு வயிறு வீங்கியிருந்தது. ஏன் வரவில்லை என்று கேட்டேன். “குடிச்சதுக்கு மன்னிப்புக் கேட்கலாம் சுவாமி. வேதப் புத்தகத்தில கை வைச்சுச் சொன்னதை மீறினதுக்கு எந்த முகத்தோட வாறது?” என்றார். நோயில்பூசுதல் அளித்தேன். அந்த வாரமே இறந்துபோனார். இதை எழுத அவருடைய குடும்பத்தாரின் சம்மதம் எனக்கு உண்டு.

குடிக்கு மேல் இன்னொரு கட்டையும் அவர்மீது நான் சுற்றியிருந்தேன் என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது.

சாவான பாவத்துக்கு மூன்று நிபந்தனைகள் உண்டு என்று குருமடத்தில் படித்தோம்: கனமான காரியம், முழு அறிவு, முழுச் சம்மதம். தேர்வுக்காக மனப்பாடம் செய்தவை இவை. பழக்கம், அச்சம், கட்டுக்கடங்காத நாட்டம் முதலியவை ஒருவருடைய செயலுக்கான பொறுப்பைக் குறைக்கவும், சிலவேளை நீக்கவும் கூடும் என்று கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல் 1735ஆம் எண்ணில் போதிக்கிறது. அதே நூல் 2290, 2291ஆம் எண்களில் மதுவின் மிகை நுகர்வையும் போதைப்பொருளையும் கடுமையாகக் கண்டிக்கவும் செய்கிறது. இரண்டையும் ஒருங்கே பிடித்துக்கொள்ள வேண்டும். நாமோ கண்டனத்தை மட்டும் பிடித்துக்கொண்டு, சம்மதம் எங்கே முறிந்து கிடக்கிறது என்று பார்க்க மறந்துவிடுகிறோம். அடிமைத்தனம் என்ற சொல்லைத் தினமும் பயன்படுத்துகிறோம்; அடிமைக்குச் சுதந்திரம் குறைவு என்பதை மட்டும் ஏற்க மறுக்கிறோம்.

துறைமுகத் தொழிலாளர் ஒருவரைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். நம் துறைமுகத்தைச் சேர்ந்தவரல்லர். அயர்லாந்தின் டப்ளின் நகரத்தவர். மத் தல்பொட் 1856ஆம் ஆண்டு அங்கு பிறந்தார். பிள்ளைகள் நிறைந்த வறிய வீடு, தந்தையும் குடிப்பவர். பன்னிரண்டு வயதளவில் மது வணிகர் ஒருவரிடம் வேலைக்குச் சேர்ந்த மத், அங்கேயே குடிக்கப் பழகினார். பின் துறைமுகச் சபையின் களஞ்சியத்தில் வேலை. அங்கும் விஸ்கிப் பீப்பாய்கள். சம்பளம் முழுவதும் மதுக்கடைக்குப் போயிற்று. ஒருமுறை தெருவில் வயலின் வாசித்துப் பிழைத்த ஒருவரின் வயலினைத் தோழர்களோடு சேர்ந்து திருடி, அதை விற்றுக் குடித்தார்கள்.

1884ஆம் ஆண்டு ஒரு சனிக்கிழமை. அவருக்கு வயது 28. பல நாள் வேலையில்லை, கையில் காசில்லை. சம்பளம் பெற்று வரும் நண்பர்கள் தமக்கும் ஒரு கிண்ணம் வாங்கித் தருவார்கள் என்று மதுக்கடையருகே காத்து நின்றார். எத்தனையோ நாள் அவர்களுக்கு வாங்கிக் கொடுத்தவர் அவர். ஒருவரும் நின்று கேட்கவில்லை. வீடு திரும்பித் தாயிடம், மதுவிலக்கு வாக்குறுதி எடுக்கப் போகிறேன் என்றார். காப்பாற்றும் எண்ணமில்லையென்றால் எடுக்காதே என்று தாய் எச்சரித்தார். மகனை அறிந்த தாய் அல்லவா? அவர் ஒரு குருவிடம் சென்று பாவசங்கீர்த்தனம் செய்து வாக்குறுதி எடுத்தார். நீங்கள் கவனிக்க வேண்டியது இதைத்தான்: அது வாழ்நாள் முழுவதற்குமான வாக்குறுதியன்று, மூன்று மாதங்களுக்கு மட்டுமே. அது முடிந்ததும் நீட்டித்தார். அதன் பிறகே வாழ்நாளுக்கென்று எடுத்தார்.

அந்த மூன்று மாதங்களும் எளிதாகக் கழியவில்லை. விடியற்காலை ஐந்து மணித் திருப்பலிக்குப் போய்விட்டு வேலைக்குச் செல்வார். மாலையில், முன்பு மதுக்கடையில் கழித்த அதே நேரத்தை, தெரிந்தவர்கள் இல்லாத தொலைவான ஆலயங்களுக்கு நடந்து போய்க் கழிப்பார். ஒருநாள் தம்மையறியாமல் மதுக்கடைக்குள் நுழைந்துவிட்ட பிறகு, காசு எடுத்துக்கொண்டு வெளியே போவதில்லை என்று முடிவு செய்தார். வயலினைப் பறிகொடுத்தவரைப் பல ஆண்டுகள் தேடினார். கண்டுபிடிக்க முடியாதபோது அவருக்காகத் திருப்பலி ஒப்புக்கொடுக்கச் செய்தார். குடியை விடுவது இறந்தவரை எழுப்புவதற்கு ஒப்பான கடினம், ஆயினும் ஆண்டவருக்கு இரண்டும் கூடும் என்று அவர் சொல்லிவந்ததாக அவருடைய வரலாற்றை எழுதியோர் குறிப்பிடுகிறார்கள். குடிகாரரை ஒருபோதும் கடுமையாக எண்ணவேண்டாம் என்பதும் அவர் வழக்கமாகச் சொன்னதே.

41 ஆண்டுகள் குடிக்காமல் வாழ்ந்து, 1925 ஜூன் 7ஆம் நாள், மூவொரு கடவுள் பெருவிழாவன்று, திருப்பலிக்குப் போகும் வழியில் தெருவிலேயே விழுந்து இறந்தார். அவர் உடலில் தவத்துக்காக அணிந்திருந்த சங்கிலிகளைக் கண்டார்கள். பலர் அந்தச் சங்கிலிகளோடு அவருடைய கதையை முடித்துவிடுகிறார்கள். அது அவருக்குரிய வழி. யாரும் அதைப் பின்பற்ற வேண்டியதில்லை. எனக்கோ அந்த வெறுமையான சட்டைப்பைதான் பெரிதாகத் தெரிகிறது. 1975ஆம் ஆண்டு திருத்தந்தை ஆறாம் பவுல் அவரை ‘வணக்கத்துக்குரியவர்’ என அறிவித்தார்.

மூன்று மாதம் என்பதைவிடவும் சிறிய அளவு ஒன்று உண்டு. அது ஒரு நாள். பாலைநிலத்தில் இஸ்ரயேலர் மன்னாவை அன்றன்றைக்குரிய அளவே சேர்க்க முடிந்தது. மறுநாளுக்கென்று எடுத்து வைத்தது புழுத்துப் போயிற்று. ஆண்டவர் கற்பித்த செபத்திலும் நாம் கேட்பது அன்றாட உணவையே. 1935ஆம் ஆண்டு அமெரிக்காவின் அக்ரன் நகரில் பில் வில்சன் என்ற பங்குத் தரகரும் ரொபர்ட் ஸ்மித் என்ற அறுவை வைத்தியரும், இருவரும் குடிநோயாளிகள், ஒருவரையொருவர் தாங்கிக்கொள்ளத் தொடங்கியபோது இந்த ஒரு நாள் கணக்கையே பிடித்துக்கொண்டார்கள். பெயர் சொல்லாக் குடிநோயாளர் என்று இன்று உலகெங்கும் கூடும் குழுக்கள் அப்படித் தோன்றியவை. தமிழ்நாட்டில் தமிழிலேயே கூடும் குழுக்கள் இருக்கின்றன. அவர்களது பன்னிரண்டு படிகளில் முதலாவது, தம்மால் முடியவில்லை என்று ஒத்துக்கொள்வது. அடுத்தவை, இறைவனிடம் ஒப்படைப்பது, ஆன்மச் சோதனை செய்வது, இன்னொருவரிடம் குற்றங்களைச் சொல்வது, தீங்கிழைக்கப்பட்டோருக்கு ஈடு செய்வது. எட்வர்ட் டவ்லிங் என்ற இயேசு சபைக் குரு இவற்றை வாசித்தபோது, புனித இஞ்ஞாசியாரின் ஆன்மப் பயிற்சிகளோடு இவை எவ்வளவு ஒத்திருக்கின்றன என்று வியந்து, 1940ஆம் ஆண்டு பில் வில்சனைத் தேடிச் சென்றார். அவருக்குக் குடிப்பழக்கம் இருக்கவில்லை. மூட்டு நோயால் கோலூன்றி நொண்டி நடந்தவர். தேடிப் போகாமல் இருந்த என்னை நினைக்கும்போதெல்லாம் அந்தக் கோல் என் கண்முன் வருகிறது.

அதே அக்ரனில் புனித தோமையார் வைத்தியசாலையில் அருட்சகோதரி இக்னேஷியா என்பவர் நோயாளரைச் சேர்க்கும் பொறுப்பில் இருந்தார். அக்காலத்தில் குடிநோயாளரை வைத்தியசாலைகள் ஏற்பதில்லை. 1939ஆம் ஆண்டு அவரும் வைத்தியர் ஸ்மித்தும் ஒரு குடிநோயாளரை ‘இரைப்பை அழற்சி’ என்று பதிந்து உள்ளே எடுத்தார்கள். குணமாகிப் போகிறவர்கள் கையில் சகோதரி இயேசுவின் திரு இருதயச் சின்னம் ஒன்றைக் கொடுப்பார். சத்தியம் கேட்கமாட்டார். ஒன்றே ஒன்றைக் கேட்பார்: மறுபடி குடிப்பதென்றால், குடிக்கும் முன் இதை என்னிடம் திருப்பித் தந்துவிட்டுப் போக வேண்டும்.

என் சத்தியம் அந்த மனிதருக்குக் கதவை அடைத்தது. சகோதரியின் சின்னமோ விழப்போகும் நேரத்தில் திரும்பி வர ஒரு காரணத்தைக் கொடுத்தது. இதை நான் முன்னமே அறிந்திருக்க வேண்டும்.

நம் அயலில் மும்பை பாந்திராவில் அருட்தந்தை ஜோ பெரைரா 1981ஆம் ஆண்டு ‘கிருபா’ என்னும் மறுவாழ்வு அமைப்பைத் தொடங்கினார். அவரே குடிநோயிலிருந்து மீண்டவர். அதை மறைக்காமல் சொன்னவர். 2009இல் இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கியது. ஒரு குருவுக்கு இப்படி நேருமா என்று கேட்பவர்கள், நத்தார் காலத்தில் பங்குமனைக்கு எத்தனை போத்தல்கள் அன்பளிப்பாக வருகின்றன என்பதை எண்ணிப் பார்க்கட்டும். திராட்சை இரசம் ஆகாத குருக்கள், ஆயரின் அனுமதியோடு, முற்றாகப் புளிக்காத திராட்சைச் சாற்றில் திருப்பலி நிறைவேற்றலாம் என்பதற்குத் திருச்சபையே 2003ஆம் ஆண்டில் தெளிவான நெறி தந்திருக்கிறது.

இனிச் சொல்லப்போவது செபக் கூட்டங்களைப் பற்றியது; சிலருக்குக் கசக்கலாம். குடிப்பவரை ஓர் அறையில் அடைத்து மூன்று நாள் நோன்பிருக்க வைத்துச் செபித்தால் பேய் ஓடிவிடும் என்று சொல்லும் இடங்களுக்கு நம் குடும்பங்களும் போகின்றன. பல ஆண்டுகள் தினமும் அதிகமாகக் குடித்தவர் திடீரென நிறுத்தினால் முதல் இரண்டு நாள்களுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளுக்கும் நான்காம் நாளுக்கும் இடையில் கடும் நடுக்கமும், இல்லாததைக் காண்பதும், பிதற்றலும் தோன்றலாம். அது பேயன்று. உடல் மதுவைத் தேடும் நோய்நிலை. சிகிச்சையின்றி விட்டால் உயிரையும் எடுக்கும். அந்த நாள்களுக்குரிய மருந்தும் தயமின் என்னும் உயிர்ச்சத்தும் வைத்தியசாலையில் உண்டு. ஹெரோயினை விட்டுச் சில வாரங்களுக்குப் பின் பழைய அளவையே மறுபடி எடுப்பவர் இறந்துபோகக் கூடும், ஏனெனில் உடல் அந்தத் தாங்குதிறனை இழந்திருக்கும். ஐஸை விடுபவர்களுக்குக் கடும் மனச்சோர்வு வரும்; தற்கொலை எண்ணமும் வரலாம்; அவர்களைத் தனியே விடக்கூடாது. ஆகவே முதலில் வைத்தியர். அரசின் தேசிய அபாயகர ஒளடதங்கள் கட்டுப்பாட்டுச் சபை 1984ஆம் ஆண்டு முதல் இருக்கிறது. மாவட்ட வைத்தியசாலைகளில் உளநல வைத்தியர்களை நாடலாம். மருந்தை எடுப்பது விசுவாசக் குறைவு என்று சொல்பவர்கள், நல்ல சமாரியர் காயத்தில் எண்ணெயும் திராட்சை மதுவும் வார்த்துக் கட்டியதையும், சாவடிக்காரருக்குக் காசு கொடுத்ததையும் மறுபடி வாசிக்க வேண்டும். மருந்து உடலை அமைதிப்படுத்தி அனுப்பிவிடும்; அதற்கடுத்த நீண்ட வெறுமையான மாலைகளில்தான் விசுவாசத்துக்கு வேலை இருக்கிறது.

பொலிஸாரை மட்டும் நம்பியிருப்பதும் போதாது. 2023 டிசம்பரில் ‘யுக்திய’ நடவடிக்கை தொடங்கியபின் நாடெங்கும் ஆயிரக்கணக்கானோர் கைதானார்கள். விற்பவனைப் பிடிப்பது அவசியம். ஆனால் பாவனையால் நோயுற்ற பிள்ளை சிறையிலிருந்து வரும்போது எங்கே வருவான்? நம் வீதிக்கே வருவான்.

வீட்டிலுள்ள பெண்களுக்கும் ஒரு வார்த்தை. புனித மோனிக்காவிடம் மகனுக்காக மன்றாடுகிறீர்கள். அவரே சிறுமியாய் இருந்தபோது வீட்டுப் பீப்பாயிலிருந்து திராட்சை இரசத்தைக் களவாய்க் குடித்துப் பழகியவர் என்றும், ஒரு பணிப்பெண்ணின் சுடுசொல்லால் விழித்துக்கொண்டார் என்றும் புனித அகுஸ்தீனார் தம் நூலில் எழுதி வைத்திருக்கிறார். உங்கள் மன்றாட்டைக் கேட்பவருக்கு இந்த நோய் புதிதல்ல. ஆனால் செபிப்பது என்பது அடி வாங்கிக்கொண்டு இருப்பதன்று. அடிக்கும் கையிலிருந்து உங்களையும் பிள்ளைகளையும் காத்துக்கொள்வது திருமண வாக்குக்கு எதிரானதுமன்று. அவர் கடனை நீங்கள் அடைப்பதும், வேலைக்குப் போகாத நாளில் அவருக்காகப் பொய் சொல்வதும் அன்பின் பெயரால் நடக்கின்றன. அவை அவருக்கு உதவுவதில்லை.

நம் விருந்துகளைப் பற்றி அதிகம் சொல்ல விரும்பவில்லை. சொல்லாமலும் இருக்க முடியவில்லை. திருமுழுக்குக்கும் முதல்நன்மைக்கும் திருமணத்துக்கும் போத்தல் வைக்காவிட்டால் மரியாதையில்லை என்று யார் விதித்தது? நான் குறிப்பிட்ட அந்த மனிதர் 23ஆம் நாளில் விழுந்தது தவறணையில் அன்று. ஒரு கத்தோலிக்க வீட்டின் விருந்தில்தான் விழுந்தார். “ஒன்றே ஒன்று, குழந்தைக்காக” என்று ஊற்றிக் கொடுத்தவர்களும் திருப்பலியிலிருந்து வந்தவர்களே.

இப்போது எமது பங்கில் சனிக்கிழமை மாலைகளில் மண்டபத்தைத் திறந்து வைக்கிறோம். சம்பள நாள் என்பதால் சனி. சிலர் வருகிறார்கள். கத்தோலிக்கர் மட்டுமல்லர், ஒரு சைவ அன்பரும், படகுத் திருத்துநரான ஒரு முஸ்லிம் சகோதரரும் வருகிறார்கள். மதம் மாற்றுவதற்கான இடமன்று அது. அதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிட்டோம். யாரும் சத்தியம் செய்வதில்லை. மீண்டு சில ஆண்டுகளான ஒருவர் கதைக்கிறார், மற்றவர்கள் கேட்கிறார்கள், வெறுந்தேநீர் குடிக்கிறார்கள். நான் பெரும்பாலும் வாய் திறப்பதில்லை. கத்தோலிக்கருக்குத் திரு இருதயப் பதக்கம் ஒன்று கொடுக்கிறோம். சகோதரி இக்னேஷியாவின் நிபந்தனையே எங்களுக்கும்.

சென்ற மாதம் ஒரு நாள் இரவு பதினொன்றரைக்குப் பங்குமனைப் படலை தட்டும் சத்தம் கேட்டது. எங்கள் குழுவைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் நின்றார். இதை எழுதும்படி அவரே சொன்னார். உள்ளங்கையில் பதக்கம். “இந்தாங்கோ சுவாமி, எனக்கு ஏலாது” என்றார். நான் கையை நீட்டவில்லை. கேத்தலை அடுப்பில் வைத்துவிட்டு, இருக்கச் சொன்னேன். குழுவின் மூத்தவருக்கு அழைப்பு எடுத்தேன். சைக்கிளில் வந்து சேர்ந்தார். மூவரும் விறாந்தையில் இருந்தோம். செபமாலை சொல்லவில்லை; கடலைப் பற்றியும், வலை விலையைப் பற்றியும், அவருடைய மகளின் பாடசாலையைப் பற்றியும் கதைத்தோம். விடிய நாலரைக்கு மீன்பிடிப் படகுகளின் சத்தம் கேட்கத் தொடங்கியது. அவர் எழுந்து, பதக்கத்தைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, வேலைக்குப் போக வேண்டும் என்றார்.